ஃபியூஸ் இல்லாமல் எழுந்த கார்

விடுமுறைக்குச் சகலை வீட்டுக்குப் போவதில்லை என்ற சரித்திர முடிவை நம்மவர் குளியலறையில் வைத்து எடுத்தார். அவருடைய முடிவுகள் எல்லாம் அங்கேதான் பிறக்கும், பெரும்பாலும் அங்கேயே மண்டையைப் போடும். கதவைத் திறந்து மனைவி முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் மிஞ்சாது. ஆனால் இந்த முறை துண்டோடு வெளியே வந்த பிறகும் முடிவு உயிரோடு இருந்தது. அவருக்கே ஆச்சரியம்.

சனி முதல் செவ்வாய் வரை நாலு நாள் லீவு. வருடத்துக்கு ஒருமுறை கிடைப்பது. நாலு நாளும் யாரும் எதுவும் பேசாமல், தானும் எதுவும் பேசாமல், சும்மா சாய்ந்து கிடக்க வேண்டும். இவ்வளவுதான் அவர் ஆசை. மனைவியோ தன் அக்கா வீட்டுக்குப் போக நாள் குறித்துவிட்டாள். அக்கா நல்லவள். அக்கா கணவரும் நல்லவர்தான். அதுதான் சிக்கலே. கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுக்கொண்டு பாதியில் கிளம்பி வரலாம்.

அந்தச் சகலைக்கு நம்மவர் மனசுக்குள் வைத்திருக்கும் பெயர் 'விளக்கவுரை'. குழாயை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று கேட்டால், மேகம் எப்படி உருவாகிறது என்பதில் ஆரம்பிப்பார். போன தடவை ஒரு கதவுக் கீல் ஏன் கிறீச்சிடுகிறது என்பதை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்கி, ராத்திரிச் சாப்பாட்டுக்காக ஒத்திவைத்து, மறுநாள் காலை நடையில் முடித்தார். நம்மவர் நடுவில் 'ஆமாம்' என்று சொன்னது நூற்றுப் பதினேழு முறை. எண்ணியிருக்கிறார். அவருக்கு வேறு என்ன வேலை?

வரமாட்டேன் என்று நேரே சொல்லிவிட வேண்டியதுதானே என்பீர்கள். உங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை போலிருக்கிறது. அவள் அக்கா கணவரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால், இவருடைய சொந்த அக்கா கணவரைப் பற்றி நாற்பது வார்த்தை திரும்பி வரும். அதனால் பழி வேறு யார் தலையிலாவது விழ வேண்டும். நம்மவர் தேர்ந்தெடுத்த தலை, காருடையது.

அது செகண்ட் ஹேண்டில் வாங்கிய பெரிய கார். சாதாரணக் கார்களில் சக்கரத்துக்கு மேலே இரும்பு ஸ்பிரிங் இருக்கும். இதில் ரப்பர் பை, பைக்குள் காற்று. உள்ளே ஒரு சின்னப் பம்ப் உண்டு. எத்தனை பேர் ஏறி உட்கார்ந்தாலும் பம்ப் காற்றடித்துக் காரைத் தானாகவே பழைய உயரத்துக்குக் கொண்டுவந்துவிடும். நாமே ஏற்றி இறக்கிக்கொள்ள ஒரு பட்டனும் இருந்தது. ஆகவே திட்டம் எளிது. பட்டனை அழுத்திக் காரை முழுக்க இறக்கிவிடுவது, பிறகு பானெட்டைத் திறந்து பம்பின் ஃபியூஸைப் பிடுங்கிவிடுவது. அதற்கப்புறம் தலைகீழாக நின்றாலும் கார் ஏறாது.

நம்மவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனியில் சர்வேயர் வேலை. மோதிய வண்டிகளைச் சுற்றிவந்து, எது நிஜ விபத்து, எது ஜோடனை என்று பிரிப்பார். பதினாறு வருடமாக அடுத்தவன் ஜோடனையைப் பிடித்தவருக்குச் சொந்தமாக ஒன்று ஜோடிக்கத் தெரியாதா? புதன்கிழமை சாயங்காலம் காரியம் முடிந்தது. ஃபியூஸ் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் போனது. கார், நடக்க மாட்டேன் என்று தரையில் உட்கார்ந்துவிட்ட குழந்தை போல வாசலில் கிடந்தது.

கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். மனைவி சமையலறையில் இருந்தாள்.

"என்னங்க, டீ போடட்டுமா?"

"வண்டி படுத்துடுச்சு."

"அப்படியா?"

"பம்ப் போயிருக்கும். இல்லாட்டி பையில ஓட்டை. இல்லாட்டி உயரம் பாக்குற சென்சார். பழைய வண்டி பாரு. அதுவும் இந்தக் குளிருக்கு..."

"டீ வேணுமா, வேணாமா?"

"வேணும். சனிக்கிழமை போக முடியாதுன்னு நினைக்கிறேன். எனக்குத்தான் மனசே ஆறல."

மனைவி அவரை ஒரு நிமிடம் பார்த்தாள். அவள் வேலை பார்ப்பது லிப்ட் கம்பெனியில், புகார் வாங்கும் மேஜையில். காலையிலிருந்து மாலை வரை ஊரிலுள்ள லிப்ட் எல்லாம் ஏன் ஏறவில்லை என்று காதில் கேட்டுக்கொண்டிருப்பவள்.

"எப்பலேருந்து இப்படி?"

"இப்பதான்."

"கடைசியா யாரு தொட்டாங்க?"

"யாரும் தொடல! யாரு தொடுவாங்க? என்ன, ஆபீஸ்ல கேக்குற மாதிரி கேக்கற?"

"பழக்கதோஷம்" என்று சொல்லிவிட்டு டீயைக் கொடுத்தாள். அவ்வளவுதான். இவ்வளவு சுலபமா என்று நம்மவர் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினார்.

மறுநாள் காலை குளித்துவிட்டு வந்தபோது மகள் கத்தினாள்.

"அப்பா! கார் எந்திரிச்சு நிக்குது!"

காதில் சோப்பு நுரையோடு ஓடினார். கார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. கண்ணாடிக் கூட்டைத் திறந்தார். ஃபியூஸ் பத்திரமாக இருந்தது. பானெட்டைத் திறந்தார். ஃபியூஸ் இருந்த இடம் காலி. மூடினார். மறுபடி திறந்தார். அப்போதும் காலிதான்.

மனைவி வேலைக்குக் கிளம்பி வாசலுக்கு வந்தாள்.

"அட, சரியாயிடுச்சே! நல்லாத் தூங்கினதுல தெம்பு வந்துடுச்சு போல."

"அது எப்படி எந்திரிக்கும்?"

"ஏன், எந்திரிக்கக் கூடாதா?"

"கூடாதுன்னு இல்ல. முடியாது."

"ஏன் முடியாது?"

நம்மவர் காதிலிருந்த நுரையைத் துடைத்தார்.

"சொல்லுங்க, ஏன் முடியாது?"

"முடியும். ஏன் முடியாது? தாராளமா முடியும்."

திருடனுக்குத் தேள் கொட்டினால் என்ன செய்வான்? வாயைப் பொத்திக்கொண்டு ஆபீசுக்குப் போவான். போனார். அங்கே காரின் கையேட்டை விரித்து வைத்து, ஏற்ற இறக்கம் பற்றிய முப்பத்தெட்டாம் பக்கத்தை ஏழு தடவை படித்தார். பம்ப் ஓடாவிட்டால் கார் ஏறாது என்று ஏழு தடவையும் ஒரே மாதிரிதான் போட்டிருந்தது. கடைசியில் தெரிந்த மெக்கானிக்குக்குப் போன் போட்டார்.

"தம்பி, என் ஃப்ரெண்ட் ஒருத்தர் கார்ல ஒரு சந்தேகம். பம்புக்கு ஃபியூஸ் இல்லாம வண்டி ஏறுமா?"

"ஏறாது சார்."

"ஏறுதே?"

"ஃபியூஸ் இருக்கும் சார். சரியாப் பாக்கச் சொல்லுங்க."

"இல்லப்பா, ஃபியூஸ் என் கையில இருக்கு... அவர் கையில இருக்கு."

"எதுக்கு சார் ஃபியூஸைப் பிடுங்கிக் கையில வச்சிருக்காரு?"

நம்மவர் போனை வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் மறுபடி காரை இறக்கினார். இறங்குவதற்குப் பம்ப் தேவையில்லை. காற்றை விட்டால் போதும். பானெட்டைத் திறந்து காலி இடத்தை விரலால் தொட்டும் பார்த்துக்கொண்டார். மனைவியிடம், "மறுபடி படுத்துடுச்சு, நான் சொன்னேன்ல" என்றார். அவள் ஐயோ பாவம் என்றாள். கண்ணாடிக் கூட்டின் மேல் நம்பிக்கை போய்விட்டதால் ஃபியூஸைச் சட்டைப் பைக்குள் போட்டு, அந்தச் சட்டையோடேயே படுத்தார். வெள்ளிக்கிழமை காலை அதைக் கையில் பிடித்துக்கொண்டே குளித்தார்.

வெளியே வந்தார். கார் எழுந்து நின்றது.

நம்மவருக்குத் தலை சுற்றியது. காருக்குப் புத்தி வந்துவிட்டதா, தனக்குப் போய்விட்டதா என்று நிஜமாகவே பயந்தார். அன்றைக்கு ஆபீசில் நசுங்கிப்போன ஒரு வேனைப் பார்த்து, "இது எப்ப எந்திரிக்கும்?" என்று கேட்டுவிட்டார். வேன்காரர் அவரை விநோதமாகப் பார்த்தார்.

சாயங்காலம் வீட்டில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நாளைக்குக் காலை பயணம். கழுத்துக்குக் கத்தி வந்துவிட்டது. நம்மவர் கடைசி அஸ்திரத்தை எடுத்தார்.

"இங்க பாரு. சும்மா நிக்கும்போது நல்லாத்தான் நிக்கும். ஆள் ஏறினா தாங்காது. பாரம் ஜாஸ்தியானா நடுரோட்டுல படுத்துடும்."

"எவ்வளவு பாரம் தாங்கும்?"

நம்மவர் மனக்கணக்குப் போட்டார். நாலு பெட்டி, மூன்று ஆள். அதைவிடக் குறைவாக ஒரு தொகை சொல்ல வேண்டும்.

"ஒரு நூத்தி முப்பது கிலோ. அதுக்கு மேல நான் பொறுப்பில்ல."

மனைவி கட்டிலுக்கடியிலிருந்து எடை பார்க்கும் மெஷினை இழுத்தாள். முதலில் தான் ஏறினாள். மகளை ஏற்றினாள். பெட்டிகளை ஒவ்வொன்றாக ஏற்றினாள்.

"நான் அறுபத்தொண்ணு, இவ முப்பத்தெட்டு, பெட்டி எல்லாம் சேர்த்து இருபத்தஞ்சு. நூத்தி இருபத்துநாலு. நீங்க எம்பத்தேழு."

"எம்பத்தாறு."

"எதுவா இருந்தா என்ன? ஒரு ஆள் இறங்கினாத்தான் வண்டி போகும்."

நம்மவர் நெஞ்சுக்குள் ஏதோ துள்ளியது. அட, இது ஏன் முன்பே தோன்றவில்லை? கார் போனால் போகட்டும், நான் ஏன் போக வேண்டும்? சிரிப்பு வந்துவிடாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு, குரலைக் கம்ம வைத்தார்.

"நான் இருந்துக்கறேன். என்னால உன் சந்தோஷம் ஏன் கெடணும்?"

"அத்தான் உங்கள ரொம்ப எதிர்பார்த்துட்டிருப்பாரே..."

"என்ன பண்றது? காரோட உடம்பு அப்படி."

சனிக்கிழமை காலை பெட்டிகள் ஏறின. மகள் ஏறினாள். மனைவி சாவியோடு வந்து, நேராகப் பானெட்டைத் திறந்தாள். ஃபியூஸ் பெட்டியின் மூடியைக் கழற்றித் திருப்பினாள். மூடியின் உள்பக்கத்தில் அரை டஜன் உபரி ஃபியூஸ்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒன்றை எடுத்துக் காலி இடத்தில் அழுத்தினாள்.

"பாரம் ஏறினா சரிபண்ணிக்கப் பம்ப் வேணுமில்ல?"

நம்மவர் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார்.

"புக்குல நாலாம் பக்கத்துலயே போட்டிருக்கு, உபரி எங்க இருக்குன்னு. தினமும் நீங்க முக்கால் மணி நேரம் குளிக்கறீங்க. போட்டேன், ஏத்தினேன், திரும்ப எடுத்துட்டேன். ஏறின காத்து எங்கங்க போகும்?"

"நீ... எப்படிக் கண்டுபிடிச்ச?"

"ஒன்பது வருஷமா ஆபீஸ்ல 'மேல ஏறல, மேல ஏறல'ன்னு சொல்றவங்களோடதான் குடித்தனம் பண்றேன். நிஜமாவே கெட்டுப்போனா 'சீக்கிரம் ஆள அனுப்புங்க'ன்னு கத்துவாங்க. தானே கெடுத்தவன்தான் கேக்கறதுக்கு முன்னாடியே காரணம் சொல்லுவான். நான் டீ வேணுமான்னுதான் கேட்டேன். நீங்க மூணு காரணம் சொன்னீங்க."

நம்மவர் தலையைக் குனிந்துகொண்டார். உண்மையிலேயே வெட்கமாக இருந்தது.

"அப்ப நானும் கிளம்பணுமா?"

"எதுக்கு? உங்களுக்குத்தான் வர இஷ்டம் இல்லையே. நிம்மதியா இருங்க."

சிரித்தாள். கோபமே இல்லாத சிரிப்பு. வண்டியைக் கிளப்பினாள். கார் ஒரு முறை முனகி, அளவாக உயர்ந்து, தெருமுனை திரும்பி மறைந்தது.

நம்மவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிடிபட்டது நிஜம். ஆனால் கேட்டது கிடைத்துவிட்டதே? ஜோடனை என்று தெரிந்த பிறகும் க்ளெய்மைப் பாஸ் பண்ணிக் கையெழுத்துப் போட்ட சர்வேயரை அவர் பார்த்ததே இல்லை. எங்கேயோ இடிக்கிறது என்று அனுபவம் சொன்னது. போனால் போகிறது என்று ஆசை சொன்னது. ஆசை பேச்சைக் கேட்டு நாற்காலியில் சாய்ந்தார். வீடு அமைதியாக இருந்தது. அப்படியே பதினோரு நிமிடம் போனது.

அழைப்பு மணி அடித்தது.

கதவைத் திறந்தார். தோளில் ஒரு பை, கக்கத்தில் சுருட்டிய வரைபடத் தாள்கள், முகமெல்லாம் சிரிப்பு. விளக்கவுரை.

"சகலை! முதல் பஸ்ஸையே பிடிச்சுட்டேன். மச்சினிச்சி வியாழக்கிழமையே போன் பண்ணிட்டாங்க. 'அவருக்குக் கார் ஏன் ஏறுது, ஏன் இறங்குதுன்னு ஒண்ணும் புரியல, மண்டைய உடைச்சுக்கறார், நீங்கதான் வந்து பொறுமையா விளக்கணும்'னு. நாலு நாளும் இங்கதான்."

"உங்க வீட்ல அவங்க... தனியா..."

"அவளா? ராத்திரியே என் பையை அடுக்கி வச்சிட்டா. 'அவசரமே இல்ல, இருந்து முழுசாச் சொல்லிக் குடுத்துட்டு வாங்க'ன்னு பஸ் கிளம்பற வரைக்கும் கையாட்டிட்டு நின்னா. தங்கமான மனசு."

நம்மவருக்கு இப்போதுதான் முழுதும் விளங்கியது. இருந்தாலும் ஒரு துரும்பைப் பிடித்தார்.

"ஆனா சகலை, கார் இங்க இல்லையே! அவ எடுத்துட்டுப் போயிட்டாளே!"

"காரா?" விளக்கவுரை செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். உள்ளே வந்து தாளை மேஜை மேல் விரித்து, நாலு மூலையிலும் நாலு டம்ளரை வைத்தார். பேனாவைத் திறந்தார். "கார் எதுக்கு சகலை? உக்காருங்க. முதல்ல, காத்துன்னா என்ன?"