எதற்கும் இறங்காத டிரஸர்

துரைமாரைத் தவிர ஜொகூரில் எல்லோரும் எதற்காவது இறங்கித்தான் ஆக வேண்டியிருந்த காலத்தில், எதற்குமே இறங்காத மனிதர் ஒருவர் இருந்தார். மேட்டுக்குச் சைக்கிளை விட்டு இறங்கமாட்டார். மழைக்கு இறங்கமாட்டார். காட்டுப்பன்றி குறுக்கே வந்தால் பன்றிதான் யோசித்துப் பார்த்து ஒதுங்கிக்கொள்ளும். பூலாய் மலையடிவாரத்தில் நான் சின்னக் கிராணியாகக் கணக்கெழுதிய ரப்பர் தோட்டத்தில், ஆஸ்பத்திரி என்று சொல்லப்பட்ட தகரக் கொட்டகைக்கு அவர்தான் டிரஸர். டாக்டர் எப்போதாவது வந்து கையெழுத்துப் போடுவார். மற்ற நாட்களில் எங்கள் உயிர் டிரஸர் கையில். டிரஸரின் உயிர் அவருடைய சைக்கிளில்.

காய்ச்சல்காரர்களைக்கூட அவர் சைக்கிளில் உட்கார்ந்தபடியேதான் பார்ப்பார். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துத் தூணை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "நாக்கை நீட்டு!" என்பார். நீட்டிய நாக்கில் கொயினா மருந்தை ஊற்றிவிட்டு, நோயாளி முகம் சுளித்து முடிப்பதற்குள் அடுத்த லயத்தில் இருப்பார். சைக்கிளுக்கு மணி கிடையாது. "மணி அடிக்கிறது வழி விடச் சொல்லி கெஞ்சுற மாதிரி" என்பது அவர் கட்சி. மணிக்குப் பதிலாகத் தொண்டையைக் கனைப்பார். அந்தக் கனைப்பைக் கேட்டால் ரப்பர் பால் வாளியோடு வருகிறவர்கள், வாளி போனாலும் பரவாயில்லை என்று ஒதுங்குவார்கள்.

இங்கே இளவட்டங்களுக்கு ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். அன்றைக்குத் தோட்டத்தில் துரை எதிரே வந்தால் விரித்த குடையை மடக்க வேண்டும். மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துவிட வேண்டும். சைக்கிளில் வந்தால் இறங்கி, ஓரமாக நின்று சலாம் போட வேண்டும். எழுதாத சட்டம். எழுதிய சட்டத்தைவிடக் கெட்டி. இதில் டிரஸர் அதுவரை தப்பித்து வந்ததற்குக் காரணம் பழைய துரையின் கண்பார்வை. கொஞ்ச தூரத்துக்கு அப்பால் அவருக்கு மரமும் மனிதனும் ஒன்றுதான். அவர் சீமைக்குப் போய்ப் புதுத் துரை வந்தார். இவருக்குப் பருந்துக் கண்.

நானோ வேறு ரகம். துரையின் நாய் தனியாக வந்தாலே இறங்கிவிடுவேன். காரணம் இருந்தது. அந்த மாதக் கடைசியில் புதுத் துரை மனம் வைத்து என் வேலையை நிரந்தரமாக்க வேண்டும். கூலாயில் இருந்த என் தாய்மாமா தெளிவாகச் சொல்லியிருந்தார்: "வேலை நிரந்தரமானா பொண்ணு. இல்லேன்னா வந்து சாப்ட்டுட்டு போ."

இந்த நிலையில்தான் தீபாவளி லீவுக்கு டிரஸர் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, மலைச் சடக்குல ஏறி, அந்தப் பக்கம் பெக்கான் நானாஸ் போயி, வயிறு முட்ட அன்னாசி தின்னுட்டு வரலாம். வர்றியா?"

"மலையில யானை இருக்காமே டிரஸரையா?"

"அது பாட்டுக்கு அது இருக்கும். நாம பாட்டுக்கு நாம போலாம் லா."

கிளம்புமுன் என் பழைய சைக்கிளைச் சோதித்தார். ஸ்பானரை எடுத்தார். இரண்டு பிரேக்குகளையும் கழற்றி என் வீட்டு ஜன்னலில் வைத்தார்.

"அலாமாக்! பிரேக்கு!"

"மலை ஏறப்போற வண்டிக்கு பிரேக்கு எதுக்கு? வீண் பாரம்."

"இறங்குறப்போ?"

"நாம எதுக்குய்யா இறங்கணும்?"

நான் கேட்டது மலையிலிருந்து இறங்குவதை. அவர் பதில் சொன்னது சைக்கிளிலிருந்து இறங்குவதற்கு. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பது எவ்வளவு பெரிய ஆபத்து என்று அன்று எனக்குத் தெரியாது.

ஏற்றத்தில் டிரஸர் பெடல்மேல் எழுந்து நின்று, மண் சாலையான அந்தச் சடக்கின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாக வளைந்து வளைந்து ஏறினார். நான் சைக்கிளைத் தள்ளினேன். சில இடங்களில் அது என்னைத் தள்ளியது. அட்டைகள் என்னை மட்டுமே கடித்தன. அவர் காலைத் தரையில் வைத்தால்தானே!

உச்சிக்குக் கொஞ்சம் கீழே, ஒரு வளைவில், யானை நின்றது. நான் எப்படி மரத்தில் ஏறினேன் என்பது எனக்கே தெரியாது. சைக்கிளையும் தூக்கிக்கொண்டு ஏறினேன் என்று டிரஸர் பிற்பாடு சத்தியம் செய்வார். அவருக்கு முன்னே போக வழியில்லை. நிற்கலாமென்றால் பிடித்துக்கொள்ளத் தூணும் இல்லை. ஆகவே யானையின் முன்னால் வட்டம் போட ஆரம்பித்தார். ஒரு வட்டம், ஒரு கனைப்பு. ஒரு வட்டம், ஒரு கனைப்பு. யானையும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. கடைசியில் அதற்குத் தலை சுற்றியிருக்க வேண்டும், காட்டுக்குள் போய்விட்டது.

"இறங்கி வா தம்பி" என்றார். மரத்திலிருந்து இறங்குவதற்கு மட்டும் அவரிடம் அனுமதி உண்டு.

அந்தப் பக்கத்துச் சரிவை என் செருப்பைத் தரையில் தேய்த்தே சமாளித்தேன். பெக்கான் நானாஸ் சேர்ந்தபோது சைக்கிள் இருந்தது, செருப்பு இல்லை. நாக்கு புண்ணாகும்வரை அன்னாசி தின்றோம். மறுநாள் திரும்பி மலையேறி, எங்கள் தோட்டத்துப் பக்கம் தலைகாட்டியபோதுதான் எனக்கு உறைத்தது: தேய்க்கச் செருப்பு கிடையாது, பிடிக்கப் பிரேக் கிடையாது, சரிவு முழுக்க மழையில் ஊறிய செம்மண். கீழே, கையில் தடியும் பக்கத்தில் நாயுமாகப் புதுத் துரை.

டிரஸர் முன்னால் போனார். நிமிர்ந்து உட்கார்ந்து, ஒருமுறை கனைத்துவிட்டுத் துரையைக் கடந்தார். அவர் வண்டியில் பிரேக் இருந்ததா இல்லையா என்ற கேள்விக்கே இடமில்லை. அது பிரேக் போட்டாலும் இறங்காத முதுகு.

அடுத்து நான். துரையை நெருங்கும்போது ஒரு சலாம் போட்டேன். கடக்கும்போது ஒன்று. கடந்த பிறகு காற்றோடு திரும்பி ஒன்று. மூன்றாவது சலாமில் தொப்பி பறந்து நாயின் தலையில் உட்கார்ந்தது. "முருகா, இறக்கிவிடுப்பா!" என்று கத்தினேன். முருகன் நேரே கொண்டுபோய் ரப்பர் ஷீட்டுகள் காயும் கொடிக்குள் இறக்கினான். ஆறேழு ஷீட்டுகளால் சுற்றப்பட்டு, ஏற்றுமதிக்குத் தயாரான நிலையில் என்னை எடுத்தார்கள்.

மறுநாள் காலை ஆபீசுக்கு அழைப்பு வந்தது. துரை நாற்காலியில், நாங்கள் நின்றுகொண்டு. கிராணிமாரிடம் துரை இங்கிலீஷில்தான் பேசுவார். ஏன் இறங்கவில்லை என்று முதலில் டிரஸரைக் கேட்டார்.

டிரஸர் தமிழிலேயே சொன்னார்: "நான் சடக்குல சைக்கிள்ல போறப்போ துரை கார் எத்தனையோ தடவை என்னைத் தாண்டிப் போயிருக்கு. துரை ஒரு தடவைகூட இறங்கலையே. அதுக்காக நான் கோவிச்சுக்கிட்டேனா?"

துரைக்குத் தமிழ் தெரியும். முகம் சிவந்ததில் அது தெரிந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

நான் விடிந்ததிலிருந்து மனப்பாடம் செய்து வைத்திருந்த பதில்: "ஐ குட் நாட் கெட் டவுன், சார்." இறங்க முடியவில்லை ஐயா, பிரேக் இல்லை ஐயா, நான் நல்ல பிள்ளை ஐயா. ஆனால் முழங்கால் ஆடியதில் நாக்கும் ஆடி, வாயிலிருந்து வந்தது வேறு:

"ஐ வுட் நாட் கெட் டவுன், சார்!"

இறங்கமாட்டேன் ஐயா!

துரையின் சுருட்டு வாய்க்குப் போகும் வழியில் நின்றது. ஒரே எழுத்து. வு-வைக் கு-வாக்கினால் போதும். வேலையும் மாமா மகளும் அதற்குள் அடக்கம். திருத்த வாயைத் திறந்தேன். பக்கத்தில் டிரஸர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஏதோ நான் சீமை வரைக்கும் போய்ப் பரீட்சை ஜெயித்து வந்ததுபோல. உண்மையைச் சொல்கிறேன்: சொல்லிவிட்ட அந்த வார்த்தை எனக்கும் பிடித்துப்போயிற்று. திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானத்துக்குள் இருவரும் தோட்டத்தைக் காலி செய்ய வேண்டும் என்று உத்தரவாயிற்று.

நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது டிரஸர் வந்து, ஜன்னலிலிருந்த பிரேக்குகளை எடுத்து என் சைக்கிளில் மாட்டினார்.

"வீண் பாரம்னீங்களே?"

"இன்னிக்கு வேணும் தம்பி. அன்னிக்கு பிரேக்கு இல்லாம நீ இறங்கல. இன்னிக்கு துரை பங்களா வழியாத்தான் போறோம். இறங்கினாலும் இறங்காட்டியும் அது உன் இஷ்டமா இருக்கட்டும்."

மனிதருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது! என் இஷ்டமா? அந்த நேரத்தில் என் இஷ்டம் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்வது.

லயத்து ஜனங்களெல்லாம் வாசலில் நின்று பார்த்தார்கள். துரை பங்களா மாடியில் நின்றார். என் இரண்டு கையும் பிரேக்மேல் இருந்தன. புத்தம் புதிது போல அருமையான பிரேக்; தொட்டால் நிற்கும். தொடவில்லை. சலாமும் போடவில்லை. பற்கள் தந்தியடித்த சத்தம் மாடிவரை கேட்டிருக்கும், அது வேறு விஷயம்.

"இப்ப எங்கே போறோம் டிரஸரையா?"

"பெக்கான் நானாஸ் அன்னாசி ஆலையில கணக்கெழுத ஆள் வேணும், டிரஸரும் வேணும்."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. போயி நாம சொல்லுவோம்."

வேலை கிடைத்தது. கல்யாணமும் நடந்தது, மாமாவிடம் போய் டிரஸர் என்ன சொன்னாரோ, மாமா பயந்துபோய்ச் சம்மதித்தார். ஆனால் அன்றைக்கு அதெல்லாம் யாருக்குத் தெரியும்? பெட்டியைக் கட்டிக்கொண்டு மலையேறும்போது எனக்குக் கண் நிறைந்து சடக்கே தெரியவில்லை. டிரஸர் கனைக்கவில்லை. உச்சிவரைக்கும் என் பக்கத்திலேயே, என் வேகத்திலேயே மிதித்து வந்தார். அந்தச் சைக்கிளுக்கு அவ்வளவு மெதுவாக ஓடத் தெரியும் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.