கணீரென்று ஒலிக்கும் காட்டு வண்டி

மதிப்பும் மரியாதையும் மிக்க சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நான், என் மனைவி, என் சுத்தியல் மூவரும் சுகம். அங்கே நீங்களும் சம்பந்தியம்மாவும், உங்கள் டிரைவிங் ஸ்கூல் மாணவர்கள் இன்னும் சுவரில் மோதாமல் விட்டுவைத்திருக்கும் கார்களும் சுகமென்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தை மலைமேல் நம் பிள்ளைகளின் வீட்டில், மாட்டுக்கொட்டகை ஓரமாக நாற்காலி போட்டு எழுதுகிறேன். உங்கள் பிள்ளை பால் கறக்கிறார். என் மகள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாசலில் நடக்கிறாள். பிரசவத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது என்கிறார் டாக்டர். முக்கிய விஷயம், உங்கள் பழைய ஜீப்பை அனுப்புவதாகப் போனில் சொன்னீர்களே, அது வேண்டாம். வண்டி வாங்கியாகிவிட்டது. நானே பார்த்து வாங்கினேன்.

"ரயில் சக்கரம் தட்டினவருக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்?" என்று நீங்கள் சம்பந்தியம்மாவிடம் சொன்னது என் காதுக்கு வந்தது. நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் ஒன்று சொல்கிறேன். வேலையிலிருந்த காலம் முழுக்க, நின்ற ரயிலின் சக்கரங்களை ஒவ்வொன்றாகத் தட்டி, சத்தத்தைக் கேட்டு, போகலாம் என்று அனுப்பியவன் நான். கணீரென்றால் நல்ல சக்கரம். பொத்தென்றால் உள்ளே விரிசல். மனுஷன் பொய் சொல்வான், இரும்பு சொல்லாது. என் பெண்ணை ஏற்றப்போகிற வண்டியை வேறு எப்படித்தான் நம்புவது? மழை வந்தால் இந்தப் பாதை என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். ஆம்புலன்ஸ்காரர்களைக் கேட்டால், "கீழ வரைக்கும் கொண்டுவந்துடுங்க, அப்புறம் எங்க பொறுப்பு" என்கிறார்கள். வலி எடுக்கும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் என்ன செய்வது? அதனால்தான் இந்தத் தலைவலியை விலை கொடுத்து வாங்கினேன்.

எந்த நிலத்திலும் ஓடும் என்பது இந்த ரக வண்டியின் பெருமை. நம் வீட்டில் இதற்குக் காட்டு வண்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெருத்த நாலு சக்கரம், தலைக்கு மேல் இரும்புக் குழாய்க் கூண்டு, பக்கத்தில் பக்கத்தில் ரெண்டு ஸீட். புதுசு நமக்குக் கட்டாது என்பதால் பழைய வண்டிகள் விற்கும் புரோக்கரிடம் போனேன். அவர் ஒரு பச்சை வண்டியைக் காட்டி, "குழந்தை மாதிரி வச்சிருந்தாங்க சார்" என்றார். எந்தக் குழந்தையை இப்படி வைத்திருந்தார்களோ தெரியவில்லை, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. நான் பையிலிருந்து சுத்தியலை எடுத்து முன்பக்கம் ஒரே ஒரு தட்டுத் தட்டினேன். மட்கார்டு ரெண்டாகப் பிளந்து கீழே விழுந்தது. அது பிளாஸ்டிக் என்று எனக்கு யார் சொன்னார்கள்? புரோக்கர் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. என் மனைவி எல்லார் எதிரிலும், "நீங்க வண்டி வாங்க வந்தீங்களா, பானை வாங்க வந்தீங்களா?" என்று கேட்டாள். மட்கார்டுக்குப் பணம் கட்டிவிட்டு வந்தோம். அந்தப் பச்சை மட்கார்டு இப்போது கோழிக்குத் தண்ணீர் வைக்க உதவுகிறது.

அடுத்தது ஒரு பல் டாக்டருடைய வண்டி. கை மாறாத வண்டி, அவரும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டியதாம். "எஞ்சின் ஆறியிருக்கும்போதே ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க, முன்னாடியே சூடு பண்ணி வச்சிருந்தா உஷாராயிடுங்க" என்று நீங்கள் சொன்னது நினைவிருந்தது. அதைச் சோதிக்க எஞ்சினில் உள்ளங்கையை வைத்தேன். உங்கள் யோசனை ரொம்பச் சரி, சம்பந்தி. கை கொப்பளித்துவிட்டது. அவரோ, "வெயில்ல நின்னுச்சுங்க" என்றார், வண்டி நின்றதோ ஷெட்டுக்குள். ஆனாலும் கூண்டுக் குழாய் சுமாராக ஒலித்ததால் மனசு கேட்கவில்லை, ஒருதரம் மலைப்பாதையில் ஓட்டிப் பார்ப்போம் என்றேன். முதல் வளைவிலேயே சேற்றில் உட்கார்ந்துகொண்டது. அந்த நேரம் பார்த்து பால் எடுக்க மேலே போகிற டிராக்டர்காரர் டடடடவென்று வந்து, "தள்ளுங்க சார், வழிய மறிச்சுட்டு" என்று சங்கிலி கட்டி இழுத்து ஓரமாகப் போட்டுவிட்டுப் போனார். அந்த டிராக்டரின் சத்தமிருக்கிறதே, காது கொடுத்துக் கேட்க முடியாது. பெயிண்ட் என்று சொல்ல ஒரு பொட்டுக்கூட இல்லை. இப்படிப்பட்ட வாகனங்களை எப்படித்தான் ரோட்டில் விடுகிறார்களோ.

மூன்றாவதாகக் கிடைத்ததுதான் நம் மாணிக்கம். சிவப்பு நிறம். ஒரு போட்டோகிராபர் மலையெல்லாம் ஏறிப் படமெடுக்க வைத்திருந்தது. அடிச்சட்டத்தை ஒரு தட்டுத் தட்டினேன் பாருங்கள், கணீர்! சத்தம் அடங்கவே நேரமாச்சு. எனக்குக் கண்ணே கலங்கிப்போச்சு. ஆயில் பாருங்க, டயர் பாருங்க, காற்று வடிகட்டியைக் கழற்றிப் பாருங்க என்று நீங்கள் ஒப்பித்ததெல்லாம் அந்தச் சத்தத்திலேயே அடங்கிவிட்டது, தனியாக எதையும் பார்க்கவில்லை. பேரம்கூடப் பேசவில்லை. அதற்காக என் மனைவி என்னோடு பேசவில்லை.

வண்டியைப் பற்றி நான் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிடறேன். மலை ஏறுவதில் சூரன். கிட்டத்தட்ட வீடு வரைக்கும் தானாகவே வந்தது. கடைசி வளைவுக்கு மட்டும் பால் டிராக்டர் லேசாக ஒரு கை கொடுத்தது. லேசாகத்தான், சங்கிலி ஒருதரம்தான் அறுந்தது. காலை நேரத்தில் சாவியைத் திருப்பினால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் கிளம்பும். நமக்கும் இந்த வயசில் எழுந்ததும் ஓட முடியுதா சொல்லுங்க? பிரேக் நன்றாகப் பிடிக்கிறது, சில சமயம் நாம் மிதிக்காமலேயே பிடிக்கிறது. என் மகள், "அப்பா, வண்டி நின்னுட்டிருக்கும்போது ரொம்ப அழகா இருக்குப்பா" என்றாள். உங்கள் பிள்ளை மாட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார். ஆகவே ஜீப்பை அனுப்பி எங்களை அவமானப்படுத்த வேண்டாம் என்று மிகுந்த பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். நம் பெண்ணைப் பத்திரமாகக் கீழே கொண்டுவருவது என் பொறுப்பு, என் வண்டியின் பொறுப்பு.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம். உங்களிடம் கார் கற்க வரும் எல்லாருக்கும் நீண்ட ஆயுள் கிடைக்கட்டும்.

என்றும் உங்கள் அன்பை நாடும்,
சம்பந்தி

பின்குறிப்பு: உறையில் போட்டு ஒட்டுவதற்குள் எல்லாம் தலைகீழாகிவிட்டது. மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக மழை, கூடவே ஒரு மாதம் முன்னதாகவே என் மகளுக்கு வலி. உங்கள் பிள்ளை சாவியைத் திருப்பினார். வண்டி யோசித்தது. யோசித்துக்கொண்டே இருந்தது. நான் சுத்தியலால் தட்டினேன். கணீர் என்றது, நகரவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அந்தச் சமயத்தில் தினமும் வருகிற மாதிரியே டடடடவென்று பால் டிராக்டர் வந்தது. டிராக்டர்காரர் ஒரு பார்வை பார்த்தார். "இதுக்கா இவ்ளோ கூத்து? ஏறும்மா" என்றார். பின்னால் டிரெய்லரில் பால் கேன்களுக்கு நடுவில் வைக்கோலைப் பரப்பி, மேலே மெத்தையைப் போட்டு, தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு உங்கள் பிள்ளையும் என் மனைவியும் ஏறிவிட்டார்கள். என் பெண் வலியோடு வலியாக என்னைப் பார்த்து, "அப்பா, நீங்க கொண்டுவந்த வண்டிய எல்லாம் இழுத்தது எந்த வண்டிப்பா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். சம்பந்தி, நாம் ரெண்டு பேரும் ஜீப்பு, காட்டு வண்டி என்று மாதக்கணக்கில் மல்லுக்கட்டினோமே, தினமும் கண்ணெதிரே ஏறி இறங்குகிற வண்டியை ஒருத்தராவது பார்த்தோமா? எனக்கு டிராக்டரில் இடமில்லை. பால் கேன்களுக்கு இருந்தது.

சேற்றில் நடந்தே ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தேன். வாசலில் டிராக்டர் நின்றது. பழக்கதோஷம், சுத்தியலை எடுத்துத் தட்டினேன். பொத். இன்னொரு இடத்தில் தட்டினேன். பொத். எங்கே தட்டினாலும் ஓட்டைப் பானைச் சத்தம். "எங்கப்பா காலத்துலேர்ந்து அப்படித்தாங்க, அது பாட்டுக்கு ஓடுது" என்றார் டிராக்டர்காரர். நான் சுத்தியலைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

நம் சிவப்பு வண்டி விலைக்கு இருக்கிறது. உங்கள் மாணவர்கள் யாருக்காவது வேண்டுமா என்று விசாரியுங்கள். குழந்தை மாதிரி வைத்திருந்தோம் என்று சொல்லுங்கள். நீங்கள் ஜீப்பில் வர வேண்டாம், காலையில் அடிவாரத்தில் நின்றால் டிராக்டர்காரர் ஏற்றிக்கொள்வார். கேட்டுவிட்டேன்.

சொல்ல மறந்துவிட்டேனே. பேத்தி பிறந்திருக்கிறாள், தாயும் சேயும் நலம். டிராக்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தபோதே உள்ளேயிருந்து அவள் அழுத சத்தம் கேட்டது, யாரும் வந்து சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. கணீரென்று இருந்தது, சம்பந்தி. ஒரு விரிசல் இல்லை.