கடைமடை மதகின் பலகை

சுவர்களைவிடக் கதவுகளை அதிகம் நம்பிய நாடு ஒன்று இருந்தது. வாயிற்புரி என்று பெயர். அங்கே ஒவ்வொரு கதவிலும் ஒரு பலகை, பலகையில் மூன்று எண்கள். முதலாவது அரசருக்கு, அடுத்தது அதிகாரிகளுக்கு, கடைசி மக்களுக்கு. நான்கு என்றால் பார்க்கலாம். இரண்டு என்றால் திறக்கலாம். ஆறு என்றால் இரண்டும். முந்நூறு ஆண்டுகளாக இது எல்லாருக்கும் புரிந்தது. அரசின் சீர்மைத்துறையை உறுத்தியதும் அதுதான்.

"எண்கள் அம்மணமாக நிற்கின்றன," என்று துறைத் தலைவர் திருவேங்கடநாதர் அவையில் வருந்தினார். "நாம்தான் உடுத்திவிட வேண்டும்."

எண்களை அழித்துவிட்டு, துறை அச்சிட்ட சொற்றொடர்களை மட்டுமே எழுதும்படி ஆணை வந்தது. அடியில் ஒரு குறிப்பு: நடைமுறையில் எந்த மாற்றமும் இல்லை.

பலகை எழுதும் பரஞ்சோதி கடைமடை மதகுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. அதில் ஆறு, ஆறு, ஆறு. அவருடைய ஒன்றரை ஏக்கருக்கும் அந்த மதகுத் தண்ணீர்தான். பயிர் கதிர் தள்ளும் பருவம். துறையின் சொற்றொடர்ப் பட்டியலை மூன்று முறை படித்தார். 'மக்கள் பார்க்கலாம்' இருந்தது. 'மக்கள் திறக்கலாம்' இல்லை. தலைவரிடமே போனார்.

"ஐயா, மக்களுக்கு ஆறு போட்டிருக்கு. அதுக்குச் சொல்லே இல்லீங்களே."

"நல்ல சொற்களை மட்டுமே தேர்ந்தெடுத்தோம்."

"அப்ப தண்ணி?"

"தண்ணீர் வேறு துறை. எழுத்து கோணாமல் பார்த்துக்கொள்ளும்."

பரஞ்சோதி பட்டியலை மடித்துக்கொண்டார். பிறகு போய் 'மக்கள் பார்க்கலாம்' என்று எழுதினார். கோணவில்லை.

மக்கள் கரையில் நின்று தண்ணீரைப் பார்த்தார்கள். அதிகாரி திறக்கலாம், அதற்கு மனுப் போட வேண்டும். மனுப்பெட்டியின் மூடியிலும் 'மக்கள் பார்க்கலாம்' என்றே இருந்தது.

பதினைந்தாம் நாள் பரஞ்சோதி மதகில் கை வைத்தார். பக்கத்து வயல்காரி பொன்னுத்தாயி ஓடிவந்தாள்.

"கையை எடுங்கண்ணே. ஊரையே உள்ள தூக்கி வச்சிருவாங்க."

"பயிர் கருகுது தாயி."

"எனக்கு மட்டும் பச்சையாவா நிக்குது? எழுதுறப்ப எங்க போச்சு இந்த வீரம்?"

அவர் கையை எடுத்தார்.

மாதம் முடிந்ததும் துறை அறிக்கை அளித்தது: 'முப்பது நாட்களாக ஒருவர்கூட மதகைத் திறக்கவில்லை. கடைமடைக்குத் தண்ணீர் தேவையில்லை என்பதை மக்களே தீர்மானித்துவிட்டனர்.'

மதகை அடைத்துச் சுவர் எழுப்பினார்கள். மிஞ்சிய நீரைத் தலைநகரின் அல்லிக்குளத்துக்குத் திருப்பி, குளத்துக்குக் 'கடைமடைத் தியாகிகள் குளம்' என்று பெயரிட்டார்கள். திறப்பு விழாவுக்கு ஊரையே வண்டிகளில் ஏற்றிப்போனார்கள்.

அரசர் கையசைத்தார். கூட்டம் கைதட்டியது. பரஞ்சோதியும் தட்டினார். நாக்கு வறண்டிருந்தது, தட்டி முடித்தவர்களுக்கு ஆளுக்கொரு குவளை மோர் தருவதாகச் சொல்லியிருந்தார்கள்.