ஆறு பேர் ஏறும் படகு

முதலில் தப்புப் பண்ணியது பிரபு. இதை ஊர் முழுக்கத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது பூதலூர் தியாகராசனின் முப்பது வருஷ ஆசை.

பிரபு அவர் மனைவி ஞானாம்பாளின் தம்பி. கல்யாணமான புதிதில் எல்லாரும் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டைப் பார்க்கப் போனார்கள். போனது ஏழு பேர். படகில் இடம் ஆறு பேருக்கு. "மாமா, நீங்க கரையில இருந்து செருப்பைப் பார்த்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் பிரபு தாவி ஏறிக்கொண்டான். புது மாப்பிள்ளை சேற்றுக் கரையில் ஆறு ஜோடிச் செருப்புக்குக் காவல் நின்றார். ஒரு நாய் வந்தது. ஆறு ஜோடியையும் அவர் காப்பாற்றிவிட்டார். நாய் தூக்கிக்கொண்டு போனது ஏழாவது ஜோடியில் ஒன்றை. அது அவருடையது.

பூதலூர் வரைக்கும் ஒற்றைச் செருப்போடு வந்தார். இன்றைக்கு வரை "மன்னிச்சுக்கங்க மாமா" என்று பிரபு வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்ததில்லை.

இந்த வருஷம் சம்பா அறுப்பு முடிந்த கையோடு அவர் செல்போனுக்கு ஒரு படம் வந்தது. முத்துப்பேட்டை காதர் மைதீன் தன் பழைய உல்லாசப் படகை விற்கிறாராம். மேலே கூரை. உள்ளே ரெண்டு பேர் கால் நீட்டிப் படுக்க மெத்தை. டீ போட அடுப்பு. கக்கூஸ்கூட இருந்தது. தியாகராசனுக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. படத்தைப் பெரிசு பண்ணிப் பார்த்தார், சின்னது பண்ணிப் பார்த்தார், போனைத் தலைகீழாகப் பிடித்தும் பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் அழகாகத்தான் இருந்தது.

"ஞானம், படகு வாங்கப் போறேன்."

"எங்க ஓட்டுவீங்க? கால்வாய்ல இப்ப ஆடுதான் மேயுது."

"முத்துப்பேட்டையிலயே கட்டி வைப்போம். ஞாயித்துக்கிழமை உன் தம்பி குடும்பத்தைக் கூப்பிடுவோம்."

முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த கை நின்றது. "என் தம்பியையா? அவன் நம்ம வாசல்ல செருப்பைக் கழட்டுற போதெல்லாம் நீங்க முறைக்கறதைப் பார்த்தே எனக்குத் தலை நரைச்சுப் போச்சு."

"முழுசாக் கேளு. ஆறு பேர்தான் ஏறலாம். நான், நீ, ஓட்டறதுக்குக் காதர் மைதீன், உன் தம்பி பொண்டாட்டி ஜெயபாரதி, பிள்ளைங்க ரெண்டு. எண்ணிக்க."

ஞானாம்பாள் விரல்விட்டு எண்ணினாள். "பிரபு?"

"அவன் செருப்பைப் பார்த்துக்கட்டும்."

அவள் மறுபடி கீரையை உருவத் தொடங்கினாள். "நல்ல யோசனைதாங்க. ஆனா ஒண்ணு. அடுத்த மாசம் உங்களுக்கு அறுபது முடியுது. திருக்கடையூர்ல அறுபதாம் கல்யாணம் ஆகற வரைக்கும் உங்க பேர்ல புதுசா எதுவும் வாங்கக் கூடாதுன்னு ஜோசியர் சொல்லியிருக்காரு. அதுலயும் இது தண்ணியில போற பொருள். என் பேர்ல எழுதுங்க. கல்யாணம் ஆனதும் மாத்திக்கலாம்."

முப்பது வருஷத்தில் முதல் தடவையாக மனைவி தன் கட்சிக்கு வந்துவிட்டாள் என்று தியாகராசன் பூரித்துப் போனார்.

முத்துப்பேட்டையில் படகைச் சுற்றி மூன்று தரம் நடந்தார். மாட்டின் விலாவைத் தட்டுவது போல அடிப்பலகையைத் தட்டினார்.

"பாய், இன்ஜின் எத்தனை ஏக்கர் ஓடியிருக்கு?"

"அண்ணே, இது டிராக்டர் இல்ல. மணிக்கணக்குத்தான்."

"சரி, துண்டுக்குள்ள கையை விடுங்க."

"எதுக்குண்ணே?"

"மாட்டுச் சந்தையில வேற எப்படிப் பேசுவாங்க? விலை நாலு பேருக்குத் தெரியக் கூடாது."

கரையில் ஞானாம்பாளை விட்டால் ஒரு கொக்குதான் நின்றது. எந்த விரலைப் பிடித்தால் என்ன விலை என்று காதர் மைதீனுக்குத் தெரியாது. கைக்கு வந்ததைப் பிடித்தார். கடைசியில் அவர் முதலில் கேட்டதைவிட ஐயாயிரம் கூடுதலாக வியாபாரம் முடிந்தது. தியாகராசன் ஜெயித்தவர் மாதிரி துண்டை உதறித் தோளில் போட்டார்.

படகில் மாட்ட ஒரு போர்டும் எழுதச் சொன்னார். மூன்றே வரி. ஆறு பேருக்கு மேல் ஏறக் கூடாது. செருப்போடு ஏறக் கூடாது. யார் ஏறுவது என்பது உரிமையாளர் முடிவு.

"அந்த மூணாவது வரியைப் பெருசா எழுதச் சொல்லுங்க" என்றாள் ஞானாம்பாள்.

"பார்த்தீங்களா பாய், எங்க வீட்டம்மா மூளையை?"

கிரயக் காகிதத்தில் ஞானாம்பாள் கையெழுத்துப் போட்டாள். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசணிக்காய் உடைத்துச் சூடம் ஏற்றியானது. பிரபு குடும்பத்தோடு வந்திறங்கினான். தொப்பை போட்டிருந்தது. மற்றபடி அதே பிரபு. எல்லாரும் செருப்பைக் கழற்றினார்கள். தியாகராசன் முன்னால் வந்து நின்றார். முப்பது வருஷமாகப் பொத்தி வைத்த வசனம் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

"பிரபு, நீ கரையில இருந்து..."

"பிரபு, நீ ஏறு" என்றாள் ஞானாம்பாள், படகுக்குள்ளிருந்து.

பிரபு ஏறினான்.

"ஞானம், அப்புறம் ஏழாயிடும்."

"ஆறுதாங்க. நான், காதர் அண்ணன், ஜெயபாரதி, பிள்ளைங்க ரெண்டு, பிரபு."

"நான்?"

"போர்டைப் படிங்க."

படித்தார். மூன்றாவது வரி நன்றாகவே பெரிசாக இருந்தது.

"வாங்கினது நான்டி."

"காகிதம் என் பேர்ல இருக்கு. அறுபதாம் கல்யாணம் ஆகட்டும், மாத்திக்கலாம்."

"எந்த ஜோசியர் அப்படிச் சொன்னாரு?"

"காதர் அண்ணே, இன்ஜினைப் போடுங்க."

படகு அதிராமல் கிளம்பியது. நல்ல இன்ஜின்தான். தட்டிப் பார்த்து வாங்கியது வீண்போகவில்லை. கூரைக்கடியில் நின்று பிரபு கை காட்டினான். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. இதுவரை ஒன்றுதான் பாக்கி, இப்போது ரெண்டாகிவிட்டது என்று தியாகராசன் மனசில் குறித்துக்கொண்டார்.

பின்னால் ஏதோ மூச்சு வாங்கியது. திரும்பினார். ஒரு நாய் வந்து உட்கார்ந்திருந்தது.

கொஞ்ச தூரம் போன படகு வேகம் குறைந்து நின்றது. மனசு மாறிவிட்டாள் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் தண்ணீர் ஓரத்துக்கு ஓடினார். ஞானாம்பாள் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, இந்தத் தடவை உங்க செருப்பையும் சேர்த்துப் பார்த்துக்கங்க."