மூச்சுக் கங்காணியின் பெரட்டு

நீலகிரியில் காற்று எல்லோருக்கும் பொது என்று நம்புகிறவர்கள் எங்கள் மூச்சுக் கங்காணியைச் சந்திக்காதவர்கள். அவர் அனுமதியின்றி ஒரு மூச்சை உள்ளே இழுக்கும் துணிவு குன்னூர் வட்டாரத்தில் எவருக்கும் இருந்ததில்லை. இழுத்த மூச்சை அவர் சொல்வதற்கு முன்பே வெளியே விட்டவர்கள் அதன் விளைவுகளை இன்றும் மறக்கவில்லை.

குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்களை மேய்த்து ஓய்வு பெற்றவர் அவர். அலுவலகத்துக்கு அவர் சூப்பர்வைசர், ஆட்களுக்குக் கங்காணி. இயற்பெயரை அறிந்தவர்கள் இருக்கலாம்; உச்சரிக்கும் தைரியம் உள்ள ஒருவரையும் நான் பார்த்ததில்லை. எதிர்மலைச் சரிவில் நிற்கும் பெண்ணைக் கைப்பேசியின் உதவியில்லாமல் திட்டக்கூடிய குரல் அவருடையது. அவர் ஓய்வு பெற்றார். குரல் ஓய்வு பெறவில்லை. திட்ட ஆளில்லாமல் அது உள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து இரத்த அழுத்தமாக மாறியது. மூச்சுப் பயிற்சி செய்யுங்கள் என்றார் டாக்டர்.

அருகிலிருந்த சமுதாயக் கூடத்தின் யோகா வகுப்பில் சில நாள் உட்கார்ந்து பார்த்தார். கற்பித்த பெண்மணி மிக மென்மையாகப் பேசுகிறவராம். "தாலாட்டுற மாதிரி பேசுது புள்ள அது. ஆளுங்ககிட்ட வேலை வாங்கவே தெரியல" என்று தீர்ப்பளித்துவிட்டுப் பாதியில் வெளியேறிய கங்காணி, சொந்தமாகவே ஒரு வகுப்பைத் தொடங்கினார். கற்றது பாதி யோகா. கல்லாத பாதியைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து எடுத்து நிரப்பிக்கொண்டார்.

சனிக்கிழமை காலைகளில் தோட்டத்தின் பழைய கிளப் கூடத்தில், கேரம் பலகையைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, வகுப்பு நடக்கும். வாழ்க்கை ஓர் இடத்திலிருந்து எழுப்பிவிட்டு அடுத்த இடத்தைக் காட்டாமல் போன பெண்கள் அங்கே கூடினார்கள். ஃபாக்டரியில் தூள் சலித்த மேரியக்கா ஓய்வு பெற்ற அதே ஆண்டில் அவர் கணவரும் ஓய்வு பெற்றிருந்தார். "நான் ரிட்டயர் ஆனது ஒண்ணும் கஷ்டமில்லீங்க. அவரு ஆனாரு பாருங்க, அதைத்தான் தாங்க முடியலீங்க" என்பார். மளிகைக் கடை நடத்திய ஜமீலாக்கா கல்லாவை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, வீட்டில் யாரிடம் பேரம் பேசுவது என்று தெரியாமல் தவித்தவர். மூன்றாமவள் என் அம்மா. தோட்டத்தின் குழந்தைகள் காப்பகத்தில் ஆயாவாக இருந்து, அந்த ஆண்டு ஓய்வு பெற்றிருந்தாள்.

நான் அம்மாவுக்குத் துணையாகப் போனவள். ஒரு மூலையில் புத்தகத்துடன் அமர முயன்றேன். "ஏன், தொணைக்கு வந்தவங்களுக்கு மூச்சு இல்லையா?" என்று கேட்டு என்னையும் வரிசையில் நிறுத்தினார் கங்காணி.

வகுப்பு பெரட்டுடன் தொடங்கும். வேலைக்குப் போகுமுன் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்குத் தோட்டத்தில் அதுதான் சொல். சிறுமியாக இலங்கையிலிருந்து பெற்றோருடன் வந்தபோது கங்காணி கையோடு கொண்டுவந்த சொத்துகளில் அதுவும் ஒன்று. தாமதமாக வந்தவருக்கு அரைப்பேர்; அதாவது அரை நாள் மட்டுமே வேலைக்கு வந்ததாகக் கணக்கு. கூலியே இல்லாத வகுப்பில் அரைப்பேரால் என்ன நஷ்டம் என்று ஜமீலாக்கா நியாயமாகவே கேட்டார். ஆனால் ஒருநாள் அரைப்பேர் வாங்கிய மேரியக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தபின், அவரும் ஒரு பஸ் முன்னதாகவே வரத் தொடங்கினார்.

ஆசனங்களின் வடமொழிப் பெயர்கள் கங்காணியின் நாக்கில் தங்கவில்லை. முன்னால் குனிந்தால் கொழுந்து ஆசனம். தேயிலைச் செடியை வெட்டிவிடுவதுபோல் கையைப் பக்கவாட்டில் வீசினால் கவாத்து ஆசனம். ஒரு காலைத் தூக்கி நின்றால் அட்டை பிடுங்கும் ஆசனம். காலில் ஏறிய அட்டையை ஒற்றைக் காலில் நின்று பிடுங்கிய அனுபவம் எல்லோருக்கும் இருந்ததால், இதில் ஒருவரும் விழுந்ததில்லை. ஓம் சொல்வதா என்ற கேள்வி எழுந்தபோது மேரியக்கா சிலுவையைத் தொட்டுக்கொண்டார். ஜமீலாக்கா முக்காட்டைச் சரிசெய்தார். கங்காணி கண நேரமும் யோசிக்கவில்லை.

"மருமக போன்ல பேசுறப்ப 'ம்'முங்கிறீங்கல்ல? அதையே நீட்டுங்க."

கூடம் அதிர்ந்தது. அத்தனை ஆழமான 'ம்' அவர்களுக்குள் எவ்வளவு காலமாகத் தேங்கியிருந்ததோ!

இறுதியில் படுத்துத் தளரும் பயிற்சி. அங்கங்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தும்படி மற்ற ஆசிரியர்கள் கெஞ்சுவார்கள். கங்காணி இரண்டே சொற்களில் முடிப்பார்: "கூடைய எறக்கு." பாரம் இறங்கும் அந்த நொடியை உடம்பாலேயே அறிந்த பெண்கள், அடுத்த மூச்சில் தரையோடு தரையாகிவிடுவார்கள்.

அப்படித் தரையோடு தரையாகிக் கிடந்த ஒரு காலையில்தான் ஃபாக்டரிச் சங்கு ஊதியது. வழக்கமாக அந்த நேரத்தில் ஊதாது. புதிய சங்கைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கண்கள் முழுதாகத் திறக்கவில்லை. ஆனாலும் பெண்கள் எல்லோரும் எழுந்தார்கள். பாயைச் சுருட்டி முதுகில் போட்டுக்கொண்டார்கள். வெளியே நடந்து, கொழுந்து எடை போடும் கொட்டகையின் முன் வரிசையில் நின்றார்கள். கூடத்தில் மிஞ்சியவர்கள், தோட்டத்தில் வேலை செய்தே அறியாத ஜமீலாக்காவும் நானும்தான்.

"என்ன புள்ள, தீப்புடிச்சிருச்சா?" என்று கேட்டுக்கொண்டே ஜமீலாக்கா என்னை இழுத்துக்கொண்டு ஓடினார்.

கொட்டகையில், பணிக்குச் சேர்ந்து சில நாட்களே ஆன இளைஞர் ஒருவர், பாயுடன் நின்ற பெண்களை எடை போடுவதா வேண்டாமா என்று திகைத்துக்கொண்டிருந்தார். வரிசையின் முதல் ஆளாக நின்றவர் மூச்சுக் கங்காணி. எங்களைப் பார்த்ததும் அவருக்குச் சுயநினைவு வந்தது. முகத்தில் அசடு வழிந்த சாயலே இல்லை.

"இதுக்குப் பேருதான் நடக்குற தியானம்" என்று அறிவித்தார். "அடுத்த வாரம் சொல்லித் தரலாம்னு இருந்தேன். திரும்பு எல்லாம்!"

அம்மாவுக்கு வேறொரு சிக்கல். பல்லாண்டுகள் பிறர் குழந்தைகளை இடுப்பில் சுமந்த உடம்பு, நிற்கும்போதெல்லாம் தானாக ஆடும். ரேஷன் வரிசையிலும் ஆடுவாள். மாதா கோயில் பூசையிலும் ஆடுவாள். அசையாமல் நிற்கும் ஆசனத்தில் கங்காணி அதைப் பிடித்துவிட்டார்.

"ஸ்டெல்லா, யாரத் தூங்க வைக்கிற?"

"யாருமில்லீங்க்கா."

"அப்ப எறக்கி வையி."

"எறக்குனா அழுகுமுங்க்கா" என்று சொல்லிவிட்ட அம்மா, தான் சொன்னதைத் தானே கேட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். எல்லோரும் சிரித்தார்கள். கங்காணி மட்டும் சிரிக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தோட்டத்தில் ஓய்வு என்றால் வேலை மட்டும் போவதில்லை, வீடும் போகும். தோட்டத்தின் வரிசைக் குடியிருப்பான லைன் வீடு வேலையில் இருப்பவர்களுக்கு உரியது. அம்மாவின் இடத்துக்கு வந்த பிரியா என்ற இளம்பெண், கைக்குழந்தையுடன் அண்ணன் வீட்டு நெரிசலில் காத்திருந்தாள். வழியில் எங்களைக் கண்டால், "அவசரமில்லீங்க ஆயாம்மா" என்பாள். அவள் அப்படிச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஊட்டியில், என் கல்லூரிக்கு அருகே, வீடு பார்த்தாயிற்று. உள்ளேயே குழாய், நல்ல வெளிச்சம் என்று அம்மா அந்த வீட்டைப் பார்ப்பவர்களிடமெல்லாம் புகழ்ந்தாள், போகத்தான் மறுத்தாள். காலையில் சோற்றுப் பானையைச் சாக்கில் கட்டுவாள். மதியம் பசிக்கும், அவிழ்ப்பாள். அப்பா இறந்தது இந்த லைன் வீட்டின் ஒரு மூலையில்தான். அந்த மூலையில் கிடந்த கட்டிலை மட்டும் ஒருநாளும் கட்டவில்லை. சாமான் ஏற்ற வந்த ஜீப் வெறுமனே திரும்பியது, மறுமுறையும் திரும்பியது.

"ஏனுங்க, நான் சாமான் ஏத்த வந்தனுங்களா, உங்க ஊட்டச் சுத்திப் பாக்க வந்தனுங்களா?" என்று கேட்டார் டிரைவர்.

கடைசியில் அலுவலகத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள்: மாத முடிவுக்குள் காலி செய்யாவிட்டால், ஆள்விட்டுச் சாமான்களை முற்றத்தில் இறக்கிவைப்போம். தன் கையில் வளர்ந்த பிள்ளைகளே இன்று அந்த ஆட்கள் என்பது அம்மாவுக்குத் தெரியும்.

மாதத்தின் கடைசி நாளன்று காலை, முற்றத்தில் ஓர் இடி முழங்கியது. "பெரட்டு!"

வகுப்பு மொத்தமும் வந்திருந்தது. மேரியக்காவின் கணவரும் உண்டு. பல மாதங்களில் அவருக்குக் கிடைத்த முதல் வேலை. வீட்டு வாசலிலிருந்து ஜீப் வரை ஆட்களை வரிசையாக நிறுத்தினார் கங்காணி. "மூச்ச இழுத்துத் தூக்கு! மூச்ச விட்டுக் குடு!" கண்ணை மூடிக்கொண்டு செய்தால் பலன் அதிகம் என்றும் அறிவுறுத்தினார். பலன் அதிகமாகவே இருந்தது. எங்கள் சாமான்கள் தீர்ந்தும் கைகள் நிற்கவில்லை. பக்கத்து வீட்டு இட்லிப் பாத்திரம் ஜீப்பில் ஏறியது. கோழிக்கூடு, கோழிகளுடன், பாதி வழியில் வந்துகொண்டிருந்தது.

அம்மா மட்டும் வரவில்லை. காலியான வீட்டில், கட்டில் கிடந்த மூலையில் உட்கார்ந்துகொண்டாள்.

"நான் வரல. நீங்க போங்க."

நான் கெஞ்சினேன். ஜமீலாக்கா பேரம் பேசினார். இறுதியில் கங்காணி எங்களை வெளியே அனுப்பிவிட்டு உள்ளே போனார். இனி அந்தக் குரல் கூரை ஓட்டைப் பெயர்த்துவிடும் என்று காத்திருந்தோம். சத்தமே இல்லை.

"என்ன புள்ள இது? ரெண்டு பேரும் உசுரோட இருக்காங்களா?" என்றார் ஜமீலாக்கா.

எட்டிப் பார்த்தேன். மூச்சுக் கங்காணி தரையில் காலை நீட்டி அமர்ந்து, விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தார்.

"எங்க ஊட்டக் காலி பண்றப்ப ஒருத்தி வரல ஸ்டெல்லா. நானே கட்டி, நானே தூக்கி, நானே சாத்திட்டு... ஐயோ, எனக்கு மூச்சு வரலையே!"

அம்மா எழுந்துவிட்டாள். அழுகிற ஒன்றை அப்படியே விட்டுவிட அவளுக்கு எப்போதும் தெரிந்ததில்லை. கங்காணியின் முதுகை நீவினாள். "மெதுவா, மெதுவா. மூக்கால இழுங்க. அட, அவசரப்படாதீங்க்கா. இப்ப விடுங்க. இன்னொருக்கா. எந்திரிங்க, கொஞ்சம் காத்தாட வாங்க." இடுப்பில் கை கொடுத்து எழுப்பி, வாசலைத் தாண்டி, எட்டிப் பார்த்த எங்களையும் தாண்டி நடத்தி வந்து, ஜீப்பின் இருக்கையில் அமர்த்தினாள். சாய்ந்துவிடுவாரோ என்று தானும் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கங்காணி மூக்கைச் சிந்தினார். பிறகு எதிர்மலைக்கும் கேட்கும்படி, "டிரைவரு, வண்டிய எடு!" என்றார்.

"அக்கா!"

"என்ன அக்கா? இப்பதான் மூச்சு சீரா வருது. போற வழியெல்லாம் நல்ல காத்து."

வண்டி இன்னும் நகரவில்லை; அம்மா இறங்கியிருக்கலாம். முற்றத்தின் ஓரத்தில் பிரியா குழந்தையுடன் தயங்கி நின்றுகொண்டிருந்தாள். அம்மா சற்று நேரம் அவளையே பார்த்தாள். இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, கையை நீட்டி, குழந்தையின் விரல்களுக்குள் வைத்து மூடினாள். "வாயில வச்சுரப்போவுது, பாத்துக்க" என்றாள் பிரியாவிடம். டிரைவரிடம், "போலாமுங்க" என்றாள்.

பின்னால் மேரியக்காவின் கூவல் தொடர்ந்தது: "இந்தக் கோழிங்க யாருதுங்க?"

அன்று அழுதது நிஜமா என்று பின்னொரு நாள் கங்காணியிடம் கேட்டேன். "அழுகையில என்ன புள்ள நெசம், பொய்யி? கண்ணு நனைஞ்சுதா இல்லையா?" என்று என்னைக் கொழுந்து ஆசனத்துக்குக் குனியச் சொல்லிவிட்டார். ஆனால் அவர் வீட்டைக் காலி செய்தது கொழுந்து குவிந்த ஒரு நாளில் என்றும், எல்லோரும் மலையில் இருந்தார்கள் என்றும், திரும்பி வந்து பார்த்தபோது கதவு பூட்டிக் கிடந்தது என்றும் மேரியக்கா சொன்னார்.

இப்போது வகுப்பு ஊட்டியில், எங்கள் வீட்டு முன்னறையில் நடக்கிறது. யாரையும் கேட்காமல் கங்காணியே அதை இடம் மாற்றிவிட்டார். சனிக்கிழமைகளில் குன்னூர் பஸ்ஸிலிருந்து இறங்கி, ஏற்றத்தில் இரைக்க இரைக்க வருகிறார்கள். மாடியிலிருக்கும் வீட்டுக்காரம்மாவும் சேர்ந்துகொண்டு இருமுறை அரைப்பேர் வாங்கிவிட்டார். குளிருக்காகச் சாத்திய அறையில் அத்தனை பேரும் மூச்சு விட, ஜன்னல் கண்ணாடி முழுதும் அந்த ஆவி வெண்மையாகப் படிந்துவிடுகிறது.

சென்ற வாரம் அவர்கள் பஸ்ஸுக்குக் கிளம்பிப் போன பிறகு, அதைத் துடைக்கத் துணியுடன் போனேன்.

"இருக்கட்டும் விடு" என்றாள் அம்மா. "தானாப் போகட்டும்."