தெரு சுற்றி வந்த பாயசம்

சான் ஹுவான்,
உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய சனி, காலை

பேரன்பும் பெருமதிப்பும் கொண்ட அசுவா ஊர் மச்சான் தோன் அன்செல்மோ அவர்கள் சமூகத்துக்கு, உங்கள் தங்கை புரோவிதென்சியாவைக் கட்டிக்கொண்ட ஒலேகாரியோ பணிவுடன் எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் இங்கே நானும் கோழிகளும் நலம். அங்கே தங்கள் மூட்டுவலியும் அக்காவின் ரத்தக்கொதிப்பும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். உங்கள் தங்கை நலமா என்று கேட்பீர்கள். அதை நாளை நேரிலேயே பார்த்துக்கொள்ளலாம், ஏனென்றால் அவள் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள். "இனி என் அண்ணன் வீடுதான் எனக்கு வீடு" என்கிறாள். அவள் அங்கே வராமல் நீங்கள்தான் தடுக்க வேண்டும். அதற்காகவே இந்தக் கடிதத்தை மதிய பஸ் டிரைவரிடம் கொடுத்து விடுகிறேன்.

வேறு பெண் விவகாரமோ, குடியோ என்று தப்பாக எண்ண வேண்டாம். எல்லாம் பயறுப் பாயசத்தால் வந்த வினை. தவக்காலம் வந்தால் நம் ஊரில் பாயசம் காய்ச்சாத வீடு உண்டா? பக்கத்து வீட்டுக்குக் கிண்ணம் கொடுத்து அனுப்பாத பெண்பிள்ளை உண்டா? வந்த கிண்ணத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுக்க யாருக்காவது மனம் வருமா? இந்த ஊரில் மற்றப் பொய்யெல்லாம் பாவக் கணக்கில் வரும், பாதிரியாரிடம் போய் மண்டியிட வேண்டும். சாப்பாட்டைப் பற்றிச் சொல்லும் பொய் மட்டும் மரியாதைக் கணக்கில் வரும். "ஐயோ, பிள்ளைங்க சண்டை போட்டுத் தின்னுதுங்க" என்பார்கள், வீட்டில் பிள்ளையே இருக்காது. "கிண்ணத்தைக் கழுவவே வேண்டியதில்லை, அப்படி வழிச்சாச்சு" என்பார்கள். வழித்தது நாய். சில வீட்டில் நாயும் யோசிக்கும்.

உங்கள் தங்கையின் பாயசத்தைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பயறு அடிப்பிடித்தால்தான் மணம் என்று யாரோ ஒரு புண்ணியவதி அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். கிராம்பை அள்ளிப் போடுவாள், பல் வைத்தியரிடம் போய் வந்த மாதிரி நாக்கு மரத்துப் போகும். சர்க்கரைவள்ளிக் கிழங்கு பாதி வெந்தும் வேகாமலும் கூழாங்கல்லாகக் கிடக்கும். கல்யாணமான புதிதில் முதல் கரண்டி வாயில் போனதும் "இப்படி ஒரு பாயசம் என் ஆயுசில் குடித்ததில்லை" என்றேன். அது சத்திய வாக்கு. ஆனால் அவள் கண் கலங்கி இன்னொரு கிண்ணம் ஊற்றினாள். அன்றிலிருந்து வருஷா வருஷம் மூன்று கிண்ணம் குடிக்கிறேன். நீங்களும் யோக்கியர் இல்லை மச்சான். போன வருஷம் இங்கே வந்து "தங்கச்சி கை தங்கக் கை" என்று புகழ்ந்துவிட்டு, அவள் உள்ளே போனதும் ஜன்னலோரத்துச் செம்பருத்திக்கு ஊற்றினீர்கள். செடி பட்டுப்போய்விட்டது. வெயில் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இந்த வருஷம் பட்டையையும் கிராம்பையும் கட்டிப் போட அவளுக்குத் துணி கிடைக்கவில்லை. என் பழைய நீலக்கோடு பைஜாமாவின் பையை வெட்டி மூட்டை கட்டினாள். காய்ச்சி இறக்கிய பிறகு மூட்டையைக் காணோம். பானை முழுக்கத் துழாவிப் பார்த்து, "எங்கேயோ கரைஞ்சு போச்சு போல" என்று சொல்லிவிட்டு வீடு வீடாகக் கொடுத்து அனுப்பினாள். புதிதாகக் குடிவந்த டீச்சர் நூரிஸுக்கு மட்டும் பெரிய சட்டி நிறைய. டீச்சர் ஒரு கரண்டி குடித்துப் பார்த்திருக்கிறாள், உடனே சட்டியை மாற்றிக் கடைக்காரன் ஃபெர்மீனுக்குத் தன் பாயசம் என்று அனுப்பிவிட்டாள். ஊர் வழக்கத்தை ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்ட கெட்டிக்காரி. ஃபெர்மீன் மூடியைத் திறந்து மோந்து பார்த்ததோடு சரி, எதிர்வீட்டு விதவை தோன்யா லிகியாவுக்குத் தள்ளிவிட்டான். இதெல்லாம் சட்டி தூக்கிப் போன கடைப் பையன் நேற்று இரவு என் காதில் போட்டது. தோன்யா லிகியா அதைக் கண்ணாடிக் கிண்ணத்துக்கு மாற்றி, மேலே பால் பிஸ்கட்டைச் சிலுவை மாதிரி அடுக்கி, பெரிய வெள்ளி மத்தியானம் எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்தாள்!

"புரோவி, விடிகாலையிலேர்ந்து அடுப்படியிலேயே நின்னேன்டி. இடுப்பு விட்டுப்போச்சு. உனக்குன்னு தனியா எடுத்து வச்சேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள் மகராசி.

உங்கள் தங்கை ஒரு கரண்டி வாயில் போட்டாள். முகம் எட்டுக் கோணலாகப் போயிற்று. "என்னங்க இது, ஒரே தீய்ஞ்ச நாத்தம்! இவளுக்குக் கிராம்பு என்ன ஓசியில வருதா? கிழங்கைக் கடிச்சா பல்லு போயிடும் போலிருக்கே. இதைப் போய் ஒரு மனுஷி கொண்டாந்து கொடுப்பாளா? நீங்களும் கொஞ்சம் குடிச்சுப் பாருங்க."

வாயில் வைத்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை வருஷப் பழக்கம் அல்லவா? நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். விதி யாரை விட்டது? அந்தப் பாயசத்தைப் பற்றி உண்மை பேச எனக்கு வாழ்நாளில் கிடைத்த ஒரே சந்தர்ப்பம் அது. அணை உடைந்த மாதிரி பேசிவிட்டேன். "பன்னி கூட மோந்து பார்க்காது" என்றேன். "இதைக் காய்ச்சினவளை அடுப்பு பக்கமே விடக் கூடாது" என்றேன். அவளும் சிரித்துச் சிரித்து "ஆமாங்க, ஆமாங்க" என்று கிண்டினாள். கிண்டின கரண்டியில் நீலக்கோடு போட்ட மூட்டை வந்தது.

மூட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அழுது கூச்சல் போட்டிருந்தால் சமாளித்திருப்பேன். மூட்டையைக் கையில் பிடித்தபடி தெருவில் இறங்கிவிட்டாள். பின்னாலேயே ஓடினேன். ஒவ்வொரு வாசலிலும் நின்று, "என் பாயசம் எப்படி இருந்துச்சு?" என்று ஒரே கேள்வி. மூட்டையிலிருந்து சொட்டுகிறது, அப்படியும் ஒருத்தர் வாயிலிருந்து உண்மை வரவில்லை. "தேவாமிர்தம்" என்றான் ஃபெர்மீன். "என்னோடதெல்லாம் உன்னோடது பக்கத்துல நிக்குமாடி?" என்றாள் தோன்யா லிகியா. டீச்சர் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. திரும்பி வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"தெருக்காரன் மரியாதைக்குச் சொன்னான், போகட்டும். நீங்க? வருஷா வருஷம் மூணு கிண்ணம் குடிச்சீங்களே, அது எதுக்கு?"

"உன் கையில இருந்தவரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. லிகியா கை பட்டுக் கெட்டுப்போச்சு" என்றேன். எழுந்து போய்ப் பெட்டியை எடுத்தாள்.

மச்சான், எனக்குப் பயமாக இருக்கிறது. நேற்று இரவு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாத புரோவியோடு நான் குடித்தனம் நடத்தியதே இல்லை. வீடு சாவு வீடு மாதிரி இருக்கிறது. அதனால் உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்: உங்கள் வீட்டில் விருந்தாளிக் கூட்டம், படுக்க இடமில்லை என்று சொல்லிவிடுங்கள். கூடவே, அவள் பாயசத்துக்கு இந்தத் தீவிலேயே ஈடில்லை என்று உங்கள் அம்மா மேல் சத்தியம் செய்யுங்கள். அண்ணன் சொன்னால் நம்புவாள். மனம் வரவில்லையென்றால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அவள் அங்கே வந்தால் அடுத்த தவக்காலத்தில் அங்கேதான் காய்ச்சுவாள். இங்கே அந்தப் பானையை ஒரு தெருவே பங்கு போட்டுத் தாங்கினோம். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெட்ரோல் பங்க் தவிர எதுவும் இல்லை.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். அல்தாகிராசியா மாதா உங்கள் வீட்டையும் வயிற்றையும் காப்பாளாக.

தங்கள் பணிவுள்ள மைத்துனன்,
ஒலேகாரியோ

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது டீச்சர் நூரிஸ் ஒரு சட்டியோடு வந்தாள். வாசலிலேயே, "தோன்யா புரோவி, உங்க பாயசத்தை என்னால குடிக்க முடியல, ஃபெர்மீனுக்குக் கொடுத்துட்டேன். தப்புதான். இது நானே காய்ச்சினது" என்றாள். உங்கள் தங்கை அவளைக் கட்டிக்கொண்டாள். தெருக்காரர்களில் அவளுக்கு மட்டும் நாற்காலி போட்டு உட்காரவைத்துக் காப்பி கொடுத்தாள். எனக்கு முன்னால் அந்தப் பாயசத்தில் ஒரு கிண்ணம் வைத்து, "குடிங்க, எப்படியிருக்குன்னு சொல்லுங்க" என்றாள்.

குடித்தேன் மச்சான். பட்டு மாதிரி இருந்தது. கட்டி இல்லை, கருகல் இல்லை, கிராம்பு இருக்கிற இடம் தெரியவில்லை. தொண்டையில் இறங்கவே இல்லை. என்ன என்று எனக்கே புரியவில்லை. அந்தத் தீய்ந்த வாசனை இல்லாமல் அது எனக்குப் பாயசமாகவே தோன்றவில்லை. "நல்லாயில்ல புரோவி. உன்னோடது மாதிரி இல்ல" என்றேன். மாதா மேல் ஆணை, உள்ளத்திலிருந்து வந்த வார்த்தை.

"இப்பக்கூடவா பொய்?" என்று சொல்லிவிட்டு, நாளைக்கு என்றிருந்தவள் இன்றைக்கே கிளம்பிவிட்டாள். இந்தக் கடிதம் வரும் அதே பஸ்ஸில்தான் வருகிறாள். மேலே எழுதியதை அடித்துவிடுங்கள். இடமில்லை என்று சொல்லாதீர்கள், பொய் சத்தியமும் வேண்டாம். அங்கே அவள் காய்ச்சினால், பானை அடியைச் சுரண்டி ஒரு கிண்ணம் பஸ்ஸில் எனக்குக் கொடுத்து விடுங்கள். குடிக்கத்தான்.