சொந்தச் சிறகுக்குப் பயணப்படி கிடையாது

ஒரு காட்டில் ஒரு தேன் கம்பெனி இருந்தது. சிங்கத்தை வைத்து ஆரம்பிப்பேன் என்று நினைத்து உட்கார்ந்தவர்கள் மன்னிக்கணும். சிங்கம் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு போய் இரண்டு வருஷமாகிறது. இப்போது அந்தக் காட்டில் எல்லாருக்கும் பயம் கரடி சடையாண்டியிடம்தான். கம்பெனி அதனுடையது. வேலை பார்ப்பவர்கள் குடியிருக்கும் பெரிய மரமும் அதனுடையது. வேலை இருக்கும்வரை பொந்து உண்டு. வேலை போனால் அன்று சாயந்திரமே காலி பண்ணிவிட வேண்டும்.

அந்த மரத்தில் அமிர்தவல்லி என்றொரு மைனா குடியிருந்தது. கம்பெனியின் விற்பனைப் பிரிவில் வேலை. வாய் என்றால் அப்படியொரு வாய். வேப்பங்காயைக்கூடப் பேசியே விற்றுவிடும். ஆனால் விற்காது, நாணயமான பிறவி. புருஷன்காரன் போன மழைக்காலத்தில் பாம்பு வாயில் போய்விட்டான். மூன்று குஞ்சுகள், ஒன்றுக்கும் இறகு முளைக்கவில்லை. இந்தப் பொந்து போனால் மூன்றையும் எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதுதான் அதற்கு எப்போதும் கவலை.

மலைக்கு அந்தப் பக்கம் யானைகள் இருந்தன. தை மாதத்தில் அவர்கள் வீட்டில் கல்யாணம் நடக்காத வருஷம் கிடையாது. கல்யாணத்துக்கு நானூறு குடம் தேன் வேண்டும். ஆனால் யானை வீட்டில் ஒரு பழக்கம். கார்த்திகை கடைசி வெள்ளிக்கிழமை, ராகுகாலம் பிறக்கும் முன், அதாவது பத்தரைக்குள், நேரில் வந்து நிற்பவருக்குத்தான் தாம்பூலம் கொடுத்து ஆர்டரை முடிப்பார்கள். தேன் கம்பெனி ஆள் வரவில்லையென்றால் வெல்லப்பாகு விற்கும் முள்ளம்பன்றிக்குக் கொடுத்துவிடுவார்கள். அமிர்தவல்லி ஏழு வருஷமாகக் காலையில் கிளம்பி, ஒரு மணி நேரம் பறந்து, தாம்பூலத்தை வாங்கிக்கொண்டு, மத்தியானம் குஞ்சுகளுக்கு இரை கொடுக்கத் திரும்பி வந்துவிடும். கம்பெனிக்கு ஒரு சொட்டுத் தேன் செலவில்லை.

செலவெல்லாம் மேனேஜர் மகுடபதிதான். அது ஒரு எருமை. மேனேஜர் கிரேடுக்குப் பறக்கும் தகுதி உண்டு. எருமைக்குச் சிறகு இல்லையே என்று கேட்காதீர்கள். தகுதி வேறு, சிறகு வேறு. பதினாலு கழுகுகள் ஒரு வலையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போகும். ஒரு தடவைக்குக் கழுகுகளுக்குப் பன்னிரண்டு குடம் தேன் கூலி. நல்ல குளம் இருக்கிற ஊர் எதுவானாலும் எருமைக்கு அங்கே ஒரு மீட்டிங் இருக்கும்.

வருஷக் கடைசியில் கரடி கணக்கைப் பார்த்தது. அறுநூறு குடம் எடுத்ததில் இருநூறு குடம் பயணத்துக்கே போயிருந்தது.

"எவன் அப்பன் வீட்டுத் தேன்!" என்று கரடி கத்தியது.

எருமையை வெளியூர் அனுப்பாமல் இருந்தால் போச்சு என்று உங்களுக்கும் எனக்கும் தோன்றும். அதனால்தான் நாம் இரண்டு பேரும் கம்பெனி நடத்தவில்லை. கரடி ஆலோசகரைக் கூப்பிட்டது.

வந்தது ஒரு புனுகுப்பூனை. பெயர் சுகந்தன். கழுத்தில் டை, கையில் டேப்லெட், வாயில் ஏலக்காய்.

"சார், செலவு ஒரு பிரச்சினையே இல்ல. கட்டுப்பாடு இல்லாம நடக்குறதுதான் பிரச்சினை. நம்ம சாஃப்ட்வேரைப் போடுங்க. இனிமே யாரு எங்க போனாலும் இதுல பதினாலு நாள் முன்னாடி புக் பண்ணணும். அவங்கவங்க கிரேடுக்கு எது சல்லிசோ அதை இதுவே எடுத்துக் கொடுத்துடும். இதுல பதியாம எவனாவது ஒரு அடி எடுத்து வெச்சா வேலை காலி. எவ்வளவு மிச்சமாச்சுன்னும் இதுவே சொல்லும்."

வருஷச் சந்தா நாற்பது குடம். கரடி கைநாட்டு வைத்தது.

மறுநாளே எருமை மூன்று வாரம் முன்னதாக ஒரு பயணம் புக் பண்ணியது. பன்னிரண்டு குடம் ஒன்பதாக இறங்கியது. திரை பச்சையாகி, உள்ளேயிருந்து மேளச் சத்தம் வந்தது. 'சேமிப்பு: மூன்று குடம்.' கரடிக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றிலிருந்து, மூன்று வாரத்துக்கு ஒரு தடவை போய்க்கொண்டிருந்த எருமை வாரத்துக்கு இரண்டு தடவை போய்ச் சேமிக்க ஆரம்பித்தது.

கார்த்திகை வந்தது. அமிர்தவல்லி முறைப்படி பதினாலு நாள் முன்னதாகவே பதிந்தது. சாஃப்ட்வேர் யோசித்து, ஒரு நத்தையை புக் பண்ணிக் கொடுத்தது. போய்ச் சேரும் மாதம்: பங்குனி.

மைனா பதறிப்போய் எருமையிடம் ஓடியது.

"சார், கல்யாணமே தையில. நத்தை என்னைப் பங்குனியில கொண்டுபோய் விடுமாம்."

எருமை அசைபோட்டுக்கொண்டே திரையைப் பார்த்தது. "கூலியைப் பாத்தியாம்மா? அரைக்கால் குடம். இவ்வளவு சல்லிசா எங்க கிடைக்கும்?"

"அந்த அரைக்கால் குடமும் வேணாம் சார். நானே பறந்து போயிட்டு வந்துடறேன். வருஷா வருஷம் அப்படித்தானே?"

"உன் கிரேடு என்ன?"

"அஞ்சு சார்."

"பறக்குறது மேனேஜர் கிரேடுக்கும் அதுக்கு மேலயும்தான்."

"ஐயோ, இது என் சொந்தச் சிறகு சார்!"

"சொந்த வாகனம்னா அதுக்குத் தனி ஃபாரம். ஆர்.சி. புக் ஜெராக்ஸ், இன்சூரன்ஸ் ஜெராக்ஸ் வெக்கணும். சிறகுக்கு எடுத்து வெச்சிருக்கியா?"

"பொறந்தப்பவே கூட வந்தது சார்."

"அப்போ பில்லும் இல்ல" என்றது எருமை வருத்தத்தோடு. "நான் என்னம்மா பண்றது? சிஸ்டத்துல அப்படி இருக்கு." சொல்லிவிட்டு வலையில் ஏறி உட்கார்ந்தது. அதற்கு அன்று ஒரு ஏரியில் மீட்டிங்.

மைனா பொந்துக்குத் திரும்பி யோசித்தது. பதியாமல் பறந்தால் வேலை போகும். நத்தையில் போனால் ஆர்டர் போகும், ஆர்டர் போனால் கரடி சும்மா விடுமா, அப்போதும் வேலை போகும். எப்படிப் பார்த்தாலும் பொந்து போகிறது. ஆர்டர் கையில் இருந்தாலாவது கரடி மனசு இரங்கும் என்று நினைத்து, வெள்ளிக்கிழமை காலையில் குஞ்சுகளை இலை போட்டு மூடிவிட்டு, ஒருவர் கண்ணிலும் படாமல் பறந்தது. காய்ச்சலில் படுத்த கழுதையிடம்கூடப் பேச்சுக் கொடுக்கிற மைனா, அன்று வழியெல்லாம் வாயைத் திறக்கவில்லை.

யானை வீட்டுப் பெரியம்மா பெரியநாயகி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது.

"வா அமிர்தம். பத்தே கால் ஆச்சு. இன்னும் கொஞ்சம் போனா அந்த முள்ளம்பன்றியைக் கூப்பிட்டிருப்பேன்."

"கொஞ்சம் வேலையாயிடுச்சும்மா" என்றது மைனா. நானூறு குடத்துக்குத் தாம்பூலம் கைமாறியது. வழக்கமாக அரை மணி நேரம் ஊர்க்கதை பேசிவிட்டுத்தான் கிளம்பும். இந்தத் தடவை உடனே திரும்பியது.

ஆர்டர் வந்ததைச் சொன்னதுமே, பதியாமல் பறந்ததற்குச் சனிக்கிழமை விசாரணை. கரடி நடுவில் உட்கார்ந்திருந்தது. ஒரு பக்கம் எருமை, ஒரு பக்கம் புனுகுப்பூனை. மைனா தாம்பூலத்தை முன்னால் வைத்தது. அதை யாரும் பார்க்கவில்லை. மூவரும் டேப்லெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீ இப்போ எங்க இருக்கே?" என்று கேட்டது கரடி.

"இங்கதான் முதலாளி. உங்க முன்னாடி."

"சிஸ்டம் அப்படிச் சொல்லலையே. நீ நத்தை மேல இருக்கே. ஆலமரத்தைத் தாண்டி நாலு முழம் போயிருக்கே."

"நத்தை சும்மா போகுது முதலாளி. நான் ஏறவே இல்ல."

"ஏறலையா? அதுக்கு அபராதம் உண்டு" என்றது எருமை.

புனுகுப்பூனை தொண்டையைச் செருமியது. "அதைவிட வருத்தமான விஷயம் ஒண்ணு இருக்கு சார். சேமிப்புப் பட்டியலைப் பாருங்க. மேனேஜர் சார் இதுவரைக்கும் தொண்ணூத்தாறு குடம் சேமிச்சிருக்கார். இந்தம்மா பூஜ்யம். ஏழு வருஷ சர்வீஸ்ல ஒரு சொட்டுகூட மிச்சம் பிடிக்கல."

"நான் செலவே பண்ணலையேய்யா!"

"அதைத்தானே சொல்றேன். செலவு பண்ணினாத்தானே அதுல மிச்சம் பிடிக்க முடியும்?"

கரடி பெருமூச்சு விட்டது. "சாயந்திரத்துக்குள்ள பொந்தைக் காலி பண்ணிடு அமிர்தம்."

மைனா அழுதது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இந்த இடம் வந்தால் நானும் கண்ணைத் துடைத்துக்கொள்வேன். ஏழு வருஷம் செலவு வைக்காமல் உழைத்த பாவத்துக்கு இப்படியா? ஆனால் அழுதுகொண்டே இருக்கிறபோது அதற்குக் கோபம் வந்தது. கோபம் வந்ததும் வாயும் வந்துவிட்டது.

"முதலாளி, ஒரே ஒரு கேள்வி. நேத்துக் காலையில கழுகு டிக்கெட் என்ன விலை?"

புனுகுப்பூனை தட்டிப் பார்த்தது. "கடைசி நேரமில்லையா... பதினெட்டுக் குடம்."

"நான் அதை எடுத்தேனா?"

"எடுக்கல."

"போக பதினெட்டு, வர பதினெட்டு. ரெண்டையும் எடுக்கல. அப்போ முப்பத்தாறு குடம் மிச்சம் பிடிச்சிருக்கேனா இல்லையா?"

புனுகுப்பூனை அதை ஏற்றியது. திரை பச்சையாகி மேளம் கொட்டியது.

"போன வருஷமும் எடுக்கல. அதுக்கு முந்தின வருஷமும் எடுக்கல" என்றது மைனா. இந்த வருஷத்தோடு சேர்த்து ஏழு வருஷத்தையும் ஏற்றினார்கள். இருநூற்று ஐம்பத்திரண்டு குடம். மேளம் ஓயவே இல்லை. எருமை பட்டியலில் இரண்டாம் இடத்துக்கு இறங்கிவிட்டது.

கரடி எழுந்தே நின்றுவிட்டது. "அமிர்தம்! கம்பெனிக்கு இவ்வளவு பண்ணியிருக்கியே, ஒரு வார்த்தை சொல்லலையே!"

"நான் பண்றதை வெளியில சொல்லிக்கிறதில்ல முதலாளி."

கிழக்குப் பார்த்த பெரிய பொந்து மைனாவுக்கு ஒதுக்கப்பட்டது. கதை இத்தோடு முடிந்திருக்கலாம். நல்ல கதையாகவும் இருந்திருக்கும். ஆனால் கரடி போகிறபோக்கில் கேட்டது: "இப்படிக் கணக்குலயே வராமப் பறக்குறவங்க நம்ம கம்பெனியில வேற யாராவது இருக்காங்களா?"

"தேனீங்க இருக்காங்களே முதலாளி" என்றது மைனா. பாவம், அவர்களுக்கும் நல்ல பெயர் கிடைக்கட்டுமே என்றுதான் சொன்னது. மனசில் வேறு ஒன்றும் இல்லை.

புனுகுப்பூனை விசாரித்தது. பத்தாயிரம் தேனீக்கள். ஆளுக்கு ஒரு நாளில் இருபது தடவை வெளியே போய் வருகிறார்கள். அனுமதி இல்லை, பதிவு இல்லை, கிரேடும் இல்லை. ஒரு நாளைக்கு இரண்டு லட்சம் விதிமீறல். கரடிக்கு மயக்கம் வந்து, தண்ணீர் தெளித்து எழுப்ப வேண்டியதாயிற்று.

மறுநாளே சுற்றறிக்கை வந்தது. தேனீக்கள் இனிமேல் பதினாலு நாள் முன்னதாக, மூன்று பூக்களை ஒப்பிட்டு, மிகப் பக்கத்தில் உள்ள பூவுக்குத்தான் புக் பண்ண வேண்டும்.

தேனீக்களின் தலைவி குழலி வந்து கெஞ்சியது. "முதலாளி, பூ ஒரு நாள்தாங்க இருக்கும். எது என்னைக்குப் பூக்கும்னு பதினாலு நாள் முன்னாடி நாங்க எப்படிச் சொல்றது?"

"திட்டமிடல் வேணும்மா" என்றது எருமை. அப்போதுதான் ஒரு குளத்திலிருந்து வந்திருந்தது, முதுகெல்லாம் சேறு.

தேனீக்கள் கூட்டிலேயே உட்கார்ந்துவிட்டன. மார்கழி முழுக்கப் பூ பூத்து, பூ உதிர்ந்தது. போகாத ஒவ்வொரு பயணத்துக்கும் சேமிப்பு ஏறியது. ஆயிரம், பத்தாயிரம், லட்சம் என்று போய், எண் திரையில் கொள்ளவில்லை. பெரிய திரைக்கு இன்னும் இருபது குடம் கேட்டது புனுகுப்பூனை. கிடங்கில் கழுகுகளுக்குக் கொடுத்தது போகச் சரியாக இருபது குடம்தான் இருந்தது. கரடி சந்தோஷமாகக் கொடுத்தது.

தை பிறந்தது. தேன் வந்து சேரவில்லை என்று பெரியநாயகி அம்மாளே ஏழெட்டு யானைகளோடு வந்துவிட்டது.

"என்னப்பா சடையாண்டி, நாளைக்குக் காலையில முகூர்த்தம். நானூறு குடம் எங்க?"

"தேன் இல்லீங்கம்மா" என்றது கரடி. குரலில் துளி வருத்தம் இல்லை. "ஆனா இதைக் கொஞ்சம் பாருங்க."

பெரியநாயகி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பெரிய திரையில் இருந்த எண்ணை முழுசாகப் படித்தது. படித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"இத்தனை குடமும் மிச்சமா?"

"ஆமாங்கம்மா."

"எங்க இருக்கு?"

"இதுலதாங்க."

யானை தும்பிக்கை நுனியால் திரையைத் தொட்டு, முகர்ந்து பார்த்தது. பிறகு நிதானமாகச் சொன்னது: "அப்போ ஒண்ணு பண்ணு. உன்கிட்ட வாங்காததால நாங்க நானூறு குடத்துக்கு விலை மிச்சம் பிடிச்சோம். அதையும் ஏத்திக்கோ."

யானைகள் முள்ளம்பன்றி வீட்டுப் பக்கம் நடந்தன. புனுகுப்பூனை கரடியின் முகத்தைப் பார்த்தது. "ஏத்திடலாமா சார்?" கரடி தலையாட்டியது. மேளம் கொட்டியது.

அடுத்த வருஷச் சந்தாவுக்குத் தேன் இல்லாததால் கரடி அந்த மரத்தையே புனுகுப்பூனைக்கு எழுதிக் கொடுத்தது. கம்பெனி போனாலும் பரவாயில்லை, சாஃப்ட்வேர் போய்விடக் கூடாது என்றது. பொந்துகளை எல்லாம் சாயந்திரத்துக்குள் காலி பண்ணச் சொல்லி ஆள் வந்தது. சேமிப்பில் முதலிடம் பெற்றவர் என்பதால் அமிர்தவல்லிக்கு மட்டும் ஒரு சான்றிதழ் கொடுத்து, அதற்குப் பிறகு காலி பண்ணச் சொன்னார்கள்.

நல்லவேளை, அதற்குள் குஞ்சுகளுக்கு இறகு முளைத்திருந்தது. அமிர்தவல்லி மூன்றையும் பொந்து வாசலில் நிறுத்தியது. "பயப்படாதீங்க கண்ணுங்களா. சிறகை விரிச்சுப் பறங்க. அவ்வளவுதான்."

பெரியது பறந்தது. நடுவிலது பறந்தது. கடைசிக் குஞ்சு மட்டும் நகரவில்லை. கம்பெனிப் பொந்திலேயே பொரிந்து, கம்பெனிப் பொந்திலேயே வளர்ந்த பிள்ளை அது. அம்மாவைத் திரும்பிப் பார்த்து, "நம்ம கிரேடுக்குப் பறக்கலாமாம்மா?" என்று கேட்டது.



நீதி: செலவில்லாமல் உழைப்பவர்கள், தாங்கள் வாங்காத டிக்கெட்டின் விலையைத் தேதி போட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். வீடு போகும்போது அது உதவாது. ஆனால் கையில் ஒரு சான்றிதழ் இருக்கும்.